வேதியியல் படித்தவருக்குக் கடலடிச் சேற்றில் இடம் உண்டா?

எம்.எஸ்ஸி. வேதியியல் கடைசி வருடம் படிப்பதாகவும், கடல் வேதியியலிலோ கடலடிப் படிவுகளின் புவிவேதியியலிலோ பிஎச்.டி. செய்ய ஆசை என்றும், ஆனால் ஜியாலஜியில் ஒரு பேப்பர்கூடப் படித்ததில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். எந்த நிறுவனம், எந்தத் தேர்வு, பிறகு வேலை கிடைக்குமா என்பவை நீங்கள் கேட்ட கேள்விகள். ஆனால் தேர்வும் நிறுவனமும் அரை மணி நேரம் தேடினால் கிடைத்துவிடும். அதற்காக மட்டும் நீங்கள் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டீர்கள். பாறையும் மண்ணும் தெரியாமல் குடுவையோடும் பியூரெட்டோடும் பழகிய ஒருவர் இந்தத் துறையில் நிலைத்து நிற்க முடியுமா, ஐந்தாறு வருடம் போன பிறகு ‘இது நமக்கு வராது’ என்று ஆகிவிடுமா என்பதுதான் உள்ளே இருக்கும் கவலை என்று எனக்குப் படுகிறது. முதலில் அதற்கே வருகிறேன். நானும் வேதியியலில் இருந்து இந்தப் பக்கம் வந்தவன். கடலடிச் சேற்றில் தேங்கியிருக்கும் நீரை எடுத்துப் பகுத்துப் பார்ப்பதுதான் பல வருடங்களாக என் வேலை.

நிலைக்க முடியும். வேதியியல் சரியாகத் தெரிந்தவர்கள் இந்தத் துறைக்கு நிறையவே தேவைப்படுகிறார்கள். ஜியாலஜியைப் போகப் போகக் கற்றுக்கொள்ளலாம். வேதியியல் மாணவர்கள் உண்மையில் தடுமாறுவது வேறோர் இடத்தில். கல்லூரியில் நாம் படித்ததெல்லாம் மூடிய குடுவை: வினை நடக்கும், சமநிலை வரும், மாறிலியைக் கணக்கிடுவோம். கடல் அப்படி இல்லை. ஆறுகள் கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருக்கும், படிவுகள் எடுத்துக்கொண்டே இருக்கும். ஒரு தனிமம் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட அது எவ்வளவு வேகத்தில் வருகிறது, எவ்வளவு வேகத்தில் போகிறது என்பதுதான் கேள்வி. சோடியம் கடலில் பல கோடி ஆண்டுகள் தங்குகிறது. கடல் முழுவதும் ஒருமுறை கலந்து முடிய ஆயிரம் ஆண்டு வாக்கில் ஆகும். அதனால்தான் சோடியமும் குளோரைடும் எந்தக் கடலில் எடுத்தாலும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் இருக்கின்றன. உலகக் கடல்களைச் சுற்றிவந்த சேலஞ்சர் என்ற ஆய்வுக் கப்பல் கொண்டுவந்த 77 நீர் மாதிரிகளைப் பகுத்து வேதியியலாளர் டிட்மர் 1884இல் காட்டியது இதைத்தான். இரும்போ சில நூறு ஆண்டுகள்கூடத் தங்குவதில்லை, கலப்பதற்குள் போய்விடுகிறது. ஆகவே அது இடத்துக்கு இடம், ஆழத்துக்கு ஆழம் மாறுகிறது. அடர்த்தியைப் பார்த்தவுடன் ‘என்ன வேகம்?’ என்று கேட்கும் பழக்கம் வந்துவிட்டால் பாதித் தூரம் தாண்டிவிட்டீர்கள்.

படிவுகளுக்கு வந்தால் இந்தப் பழக்கம் இன்னும் முக்கியம். சேறு என்று நாம் சொல்வதில் மேல்பகுதியில் பெரும்பங்கு நீர்தான். துகள்களுக்கு நடுவே இருக்கும் அந்த நீரைப் போர்வாட்டர் என்போம். மேலிருந்து விழும் கரிமப் பொருளை நுண்ணுயிர்கள் தின்னும்போது முதலில் ஆக்சிஜனைச் செலவழிக்கின்றன. அது தீர்ந்ததும் நைட்ரேட், பிறகு மாங்கனீசு ஆக்சைடு, இரும்பு ஆக்சைடு, சல்பேட், கடைசியில் மீத்தேன் உருவாக்கம். எதில் அதிக ஆற்றல் கிடைக்கிறதோ அது முதலில். எம்.எஸ்ஸி.யில் நீங்கள் படித்த மின்வேதியியல் அட்டவணையே கடலடியில் அடுக்கடுக்காகப் படுத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வரிசை உறுதியானது. 1979இல் ஃப்ரோலிக்கும் அவருடன் வேலை செய்தவர்களும் கிழக்கு நிலநடு அட்லாண்டிக் படிவுகளில் காட்டியது, அதற்குப் பிறகு உலகமெங்கும் பார்த்தாகிவிட்டது. ஆனால் பாடப்புத்தகப் படத்தில் இருப்பதுபோல் அடுக்குகள் கோடு போட்டுப் பிரிந்திருப்பதில்லை. சல்பேட் இருக்கும் ஆழத்திலேயே கொஞ்சம் மீத்தேன் உருவாகலாம். சல்பேட் தீர்ந்துவிட்டதாகத் தெரியும் ஆழத்திலும் கந்தகச் சுழற்சி மறைவாக நடக்கலாம். எவ்வளவு ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிறது என்பதில் இன்றும் வாதம் நடக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டை விரிவாகச் சொன்னால் வேலையின் தன்மை புரியும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 28 மில்லிமோல் சல்பேட் இருக்கிறது. படிவில் இறங்க இறங்க அது குறையும். ஆழத்துக்கு எதிராக வரைந்தால் சில இடங்களில் வளைந்து குறையும், சில இடங்களில் நேர்கோடாக இறங்கும். வளைவு என்றால் வழியெல்லாம் செலவாகிறது, அதாவது அங்கங்கே இருக்கும் கரிமப் பொருளைச் சிதைக்கப் போகிறது. நேர்கோடு என்றால் வழியில் பெரிய செலவு இல்லை, கீழே ஒரே இடத்தில் தீர்கிறது. அங்கே கீழிருந்து வரும் மீத்தேன் அதைத் தின்கிறது. அந்தக் கோட்டின் சரிவைப் பரவலுக்கான ஃபிக்கின் விதியில் போட்டு, துளைப்பங்குக்கும் (சேற்றில் நீர் நிறைந்த இடைவெளியின் பங்கு) சுற்றுவழிக்கும் (துகள்களைச் சுற்றிப் போவதால் கூடும் தூரம்) திருத்தம் செய்தால், ஒரு சதுர மீட்டரில் ஆண்டுக்கு எவ்வளவு மீத்தேன் மேலே வருகிறது என்று கணக்கே வந்துவிடும். கிருஷ்ணா–கோதாவரி படுகையில் 2006இல் ஜாய்டெஸ் ரெசொல்யூஷன் என்ற துளையிடும் கப்பல் வாயு ஹைட்ரேட்டை (மீத்தேன் சிக்கிய பனிக்கட்டி போன்ற பொருள்) எடுத்தபோது, போர்வாட்டர் வேதியியலும் கூடவே பார்க்கப்பட்டது; அந்தப் பகுதியில் இன்றும் இந்த வகை ஆய்வு தொடர்கிறது. ஒரு கோட்டின் வடிவத்தில் இருந்து இவ்வளவு தெரிகிறது என்பது எனக்கு இன்னும் அலுக்காத விஷயம். ஆனால் ஜாக்கிரதையும் வேண்டும். சல்பேட் கோடு நடுவில் முறிந்து, மேலே செங்குத்தாகவும் கீழே சரிவாகவும் இருந்தால் பல காரணங்கள் இருக்கலாம்: மேலே உள்ள சேறு அண்மையில் சரிந்து வந்து விழுந்திருக்கலாம், வாயுக் குமிழிகள் கடல்நீரை உள்ளே இழுத்திருக்கலாம், புழுக்கள் துளைத்திருக்கலாம். சல்பேட்டை மட்டும் வைத்து இவற்றைப் பிரிக்க முடியாது. குளோரைடு, காரத்தன்மை, கார்பன் ஐசோடோப், படிவின் நிலஅதிர்வுப் படம் எல்லாம் சேர்ந்தால்தான் ஒரு முடிவுக்கு வரலாம். ஜியாலஜி தேவைப்படுவது இந்த இடத்தில்தான்.

கப்பலில் என்ன நடக்கும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். பல குழாய்களில் ஒரே நேரத்தில் கடலடிச் சேற்றை எடுக்கும் மல்ட்டிகோரர் என்ற கருவி மேலே வந்ததும் குழாய்களைப் பார்ப்போம். சேற்றின் மேல் நிற்கும் கடலடி நீர் தெளிவாக இருக்க வேண்டும். கலங்கியிருந்தால் மேற்பரப்பு கலைந்துவிட்டது என்று பொருள், அந்தக் குழாயைப் போர்வாட்டருக்கு எடுக்க மாட்டோம். நல்ல குழாயில் மேலே மெல்லிய பழுப்புப் படலம், அதற்குக் கீழே பச்சை கலந்த சாம்பல் நிறம், இன்னும் கீழே கரும்புள்ளிகள். உடனே குளிர் அறைக்குக் கொண்டுபோக வேண்டும். கடலடியில் இரண்டு மூன்று டிகிரியில் இருந்த சேறு, முப்பது டிகிரி வெயில் தளத்தில் அரை மணி நேரம் நின்றால் அதன் வேதியியலே மாறத் தொடங்கிவிடும். பக்கவாட்டில் துளையிட்ட குழாயில் ரைசோன் என்ற மெல்லிய வடிகுச்சிகளைச் சொருகி, சிரிஞ்சை இழுத்துப் பிடித்து நிறுத்தினால் நீர் சொட்டுச் சொட்டாக வரும். பார்க்கக் கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும். அதில் இரும்பு கரைந்த நிலையில் இருந்தால், அமிலம் சேர்க்காமல் விட்ட குப்பி கொஞ்ச நேரத்தில் மஞ்சளாகி, பிறகு துருநிறத்தில் அடியில் படியும். இரும்பு மட்டும் போனால் பரவாயில்லை. அது படியும்போது பாஸ்பேட்டையும் ஆர்சனிக்கையும் கூடவே பிடித்துக்கொண்டு போகும். அந்தக் குப்பியில் பிறகு பாஸ்பேட் அளந்தால் குறைவாக வரும், நீங்களும் அங்கே பாஸ்பேட் குறைவு என்று எழுதிவிடுவீர்கள். சல்பைடுக்கு வைத்த குப்பியில் முன்கூட்டியே துத்தநாக அசிட்டேட் இருக்க வேண்டும். நீர் விழுந்ததும் வெண்மையாகக் கலங்கும், அப்போதுதான் சல்பைடு காற்றில் போகாமல் தங்கும். யார் எந்தக் குப்பியில் எப்போது என்ன சேர்த்தார் என்ற குறிப்பேடுதான் பின்னால் வரும் எல்லாத் தரவுக்கும் ஆதாரம்.

நீர்ப் பக்கமும் அப்படித்தான். ஆக்சிஜனை அளக்க 1888இல் வின்க்லர் கொடுத்த டைட்ரேஷனையே இன்றும் அடிப்படை அளவாக வைத்திருக்கிறோம். மாங்கனீசு உப்பும் கார அயோடைடும் சேர்த்தால் பழுப்பாகத் திரண்டு வரும். அரபிக்கடலில் சில நூறு மீட்டர் ஆழத்து நீரில் செய்தால் பழுப்பு வராது, வெள்ளையாகவே நிற்கும். ஆக்சிஜன் இல்லை என்பதை அந்த நிறமே சொல்லிவிடும். ஆனால் ‘இல்லை’ என்பதற்கும் ‘மிக மிகக் குறைவு’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை வின்க்லர் சொல்லாது, அந்த வேறுபாட்டில்தான் ஒரு பெரிய கேள்வி இருக்கிறது. அரபிக்கடலில் சுமார் 150 முதல் 1,000 மீட்டர் வரை ஆக்சிஜன் வறண்ட அடுக்கில் நைட்ரேட் பெருமளவில் நைட்ரஜன் வாயுவாகிப் போகிறது. இதில் சந்தேகமில்லை. வங்காள விரிகுடாவிலும் ஆக்சிஜன் ஏறக்குறைய அதே அளவு குறைவு, ஆனால் அங்கே அந்த அளவுக்கு நைட்ரஜன் இழப்பு நடப்பதில்லை. நுண்ணுணர்விகளால் அளந்து 2017இல் வெளியான ஆய்வு, விரிகுடாவில் நானோமோல் அளவில் கொஞ்சம் ஆக்சிஜன் எஞ்சியிருக்கிறது என்று காட்டியது. அந்தக் கொஞ்சமே தடுக்கிறது போலும். அது ஏன் எஞ்சுகிறது என்பதுதான் தீரவில்லை. ஆற்று வண்டலின் களிமண் கரிமப் பொருளோடு ஒட்டி, அதைச் சீக்கிரமாக ஆழத்துக்கு இழுத்துப்போவதால் நடு ஆழத்தில் செலவு குறைகிறது என்பது ஒரு விளக்கம். நீர்ச்சுழல்கள் அவ்வப்போது ஆக்சிஜனை உள்ளே தள்ளுகின்றன என்பது இன்னொன்று. எனக்கு இரண்டும் சேர்ந்தே வேலை செய்வதாகத் தோன்றுகிறது. ஆனால் இது என் கணிப்புதான், நிரூபணம் இல்லை. கங்கையும் பிரம்மபுத்திராவும் ஆண்டுக்கு நூறு கோடி டன் அளவில் வண்டல் கொட்டும் ஒரு கடலில் இந்தக் கேள்விக்கு விடை தேட நம்மைவிடப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?

இனி எச்சரிக்கை. இதை அழுத்தியே சொல்கிறேன், ஏனென்றால் நல்ல மாணவர்கள் பலர் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஏதாவதொரு கழிமுகத்தில் முப்பது இடங்களில் மேல்மண்ணை எடுத்து, அமிலத்தில் கரைத்து, பத்து உலோகங்களை அளந்து, செறிவூட்டக் காரணி, புவித்திரள் குறியீடு என்று மாசின் அளவைச் சொல்லும் நாலைந்து எண்களைக் கணக்கிட்டு, ‘மிதமான மாசு’ என்று முடிக்கும் ஆய்வேடு நம் கடற்கரை முழுக்க நிறைந்திருக்கிறது. புவித்திரள் குறியீடு 1969இல் முல்லர் கொடுத்தது. அதில் பின்னணி அளவு, அதாவது மாசு இல்லாதபோது இயற்கையாக இருக்கும் அளவு, என்று ஒன்றைப் போட வேண்டும். பெரும்பாலானோர் 1961இல் டுரேக்கியனும் வெடபோலும் தொகுத்த சராசரி ஷேல் (களிமண் இறுகிய பாறை) அளவை அப்படியே போட்டுவிடுகிறார்கள். அதில் செம்பு 45 பிபிஎம் (பத்து லட்சத்தில் 45 பங்கு). தக்காணத்து எரிமலைப் பாறையில் செம்பு 100 பிபிஎம்முக்கு மேல் இருப்பது சாதாரணம். கிருஷ்ணாவும் கோதாவரியும் அந்தப் பாறையை அரித்துக் கொண்டுவரும் மண்ணை ஷேலோடு ஒப்பிட்டால், தொழிற்சாலையே இல்லாத காலத்துச் சேறும் மாசுபட்டதாகத் தெரியும். மணல் அதிகமான இடத்தில் உலோகம் குறைவாகவும் களிமண் அதிகமான இடத்தில் கூடுதலாகவும் வருவது துகள் அளவின் விளைவு. களிமண்ணோடு கூடவே ஏறும் அலுமினியத்தால் வகுத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். எண்ணூரிலும் கடலூரிலும் மாசு இல்லை என்று நான் சொல்லவில்லை. அங்கே உண்மையான மாசு இருப்பதாலேயே, அதைக் காட்ட நேர்மையான பின்னணி வேண்டும் என்கிறேன். அதே இடத்தில் ஆழமான கோர் (குழாயை இறக்கி எடுக்கும் சேற்றுத் தூண்) எடுத்து, தொழில்களுக்கு முந்திய காலத்து அடுக்கைப் பின்னணியாக வையுங்கள்.

அந்த அடுக்கின் வயதை எப்படிச் சொல்வது? ஈயம்-210 என்ற இயற்கைக் கதிரியக்க ஐசோடோப் இங்கே உதவும். அரை ஆயுள் 22.3 ஆண்டுகள், ஆகவே கடந்த நூறு, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு ஏற்றது. ஆழத்தில் அது அழகாக அடுக்குக்குறைவில் (எக்ஸ்பொனென்ஷியலாக) குறைந்தால் எல்லோரும் மகிழ்ந்து போவோம். ஆனால் புழுக்களும் நண்டுகளும் மண்ணைக் கலக்கினாலும் கிட்டத்தட்ட அதே வளைவு வரும். படிவு வேகமா, கலக்கலா என்று அந்த ஒரு வளைவால் பிரிக்க முடியாது. சீசியம்-137 போன்ற இன்னொரு சாட்சி வேண்டும். ஆய்வேட்டில் ‘ஆண்டுக்கு இத்தனை மில்லிமீட்டர்’ என்று இரண்டு தசமத்தில் எழுதியிருந்தால் இதைப் பார்த்தார்களா என்று தேடுங்கள்.

அப்படியானால் என்ன படிக்க வேண்டும்? வெப்ப இயக்கவியலும் வினைவேகமும் கையில் இருக்கின்றன. வகைக்கெழுச் சமன்பாடுகளை மறந்திருந்தால் தூசி தட்டுங்கள். பரவல், புதைவு, வினை மூன்றும் சேர்ந்த ஒரே ஒரு சமன்பாடு இந்தத் துறையின் பாதியைச் சுமக்கிறது. நிரல்மொழியில் பைத்தான், ஆர் (R) இரண்டில் ஒன்று போதும். கடல்நீரில் கார்பனேட் சமநிலையைக் கையால் ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள்: மொத்த கரிமமிலாக் கார்பன், காரத்தன்மை, பிஎச் மூன்றும் எப்படிப் பின்னியிருக்கின்றன என்று தெரிந்தால், தொழிற்புரட்சிக்கு முன் 8.2 வாக்கில் இருந்த மேல்பரப்பு பிஎச் இப்போது 8.1க்கு வந்தது ஏன் பெரிய மாற்றம் என்பது தானாக விளங்கும். ஐசோடோப் பாகுபாடு படியுங்கள். ஜியாலஜியில் களிமண் கனிமங்கள், அடுக்கியல், காலக்கணிப்பு இவை மட்டும் முதல் வருடத்துக்குப் போதும். மடிப்பு, பிளவு எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கணினி மாதிரியாக்கத்தில் முழு நேரம் போக நினைத்தால் அந்த வேலை செய்பவர் ஒருவரிடம் தனியாகக் கேளுங்கள், நான் ஆய்வகத்து ஆள்.

இடங்களைப் பொறுத்தவரை: 1966இல் தொடங்கிய, கோவாவில் உள்ள தேசியக் கடலியல் நிறுவனம் இந்தியாவில் இதற்கு முதல் பெயர், பிஎச்.டி. பதிவு ஏசிஎஸ்ஐஆர் (சிஎஸ்ஐஆர் ஆய்வகங்களுக்கான பட்டம் தரும் அமைப்பு) வழியாகவோ பல்கலைக்கழகம் வழியாகவோ நடக்கும். நுண்தனிமங்கள், ஐசோடோப்கள் என்றால் அகமதாபாத்தின் இயற்பியல் ஆய்வகம். கோவாவில் துருவ, பெருங்கடல் ஆய்வு மையமும் இருக்கிறது. கொச்சிப் பல்கலைக்கழகத்தில் வேதிக் கடலியலுக்கென்றே ஒரு துறை உண்டு. ஆய்வு உதவித்தொகைக்கான சிஎஸ்ஐஆர்-நெட் தேர்வை நீங்கள் வேதியியலிலேயே எழுதலாம். புவி, வளிமண்டல, கடல் அறிவியல் தாளும் இருக்கிறது, ஆனால் அதற்காகப் புதிதாகப் படிப்பதைவிட வேதியியலில் நல்ல ரேங்க் எடுப்பது உங்களுக்குச் சுலபம். விளம்பரத்தில் தகுதி வரியை மட்டும் கவனமாகப் பாருங்கள். 2023 முதல் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) மாதம் 37,000 ரூபாய், மூன்றாம் ஆண்டில் இருந்து 42,000, வீட்டு வாடகைப்படி தனி. வெளிநாடு என்றால் ஜெர்மனியின் கீல், பிரேமன் இரண்டும் படிவு வேதியியலுக்குப் பெயர்பெற்றவை.

நிறுவனத்தின் பெயரைவிட வழிகாட்டி முக்கியம். சேரும் முன் அவருடைய பழைய மாணவர் ஒருவரிடமாவது பேசுங்கள். கடைசி மூன்று வருடத்தில் அந்தக் குழு கப்பலேறியிருக்கிறதா? கருவியை மாணவர் கையால் ஓட்டுகிறாரா, அல்லது மாதிரியை வெளியே அனுப்பிவிட்டு எக்செல் கோப்புக்குக் காத்திருக்கிறாரா? போர்வாட்டர் எடுக்கிறார்களா, திண்மத்தை மட்டும்தானா? தரநிலைப் பொருளையும் (அளவு முன்பே தெரிந்த மாதிரி) வெற்றுச் சோதனையையும் (மாதிரி இல்லாமல் அதே முறையில் செய்யும் அளவீடு) ஒவ்வொரு தொகுதியிலும் வைக்கிறார்களா? நுண்தனிமம் என்றால் இது உயிர்நாடி: திறந்த கடலில் இரும்பு லிட்டருக்கு ஒரு நானோமோலுக்கும் கீழே, அதை அளக்க நாம் போவதோ இரும்புக் கப்பலில். கப்பல் வாய்ப்பு தள்ளிப்போனால் சோர்ந்துவிட வேண்டாம். 2014–15இல் வங்காள விரிகுடாவில் ஐஓடிபி என்ற பன்னாட்டுக் கடலடித் துளையிடல் திட்டத்தின் 353, 354 பயணங்கள் துளையிட்டு எடுத்த கோர்கள் ஜப்பானின் கோச்சியில் பாதுகாக்கப்படுகின்றன. தெளிவான கேள்வியோடு விண்ணப்பித்தால் மாதிரி அனுப்புவார்கள். போர்வாட்டர் வேலைக்குப் பழைய கோர் உதவாது, திண்மப் பக்கத்துக்கு அருமையானது.

வேலை விஷயத்தில் இனிப்பாகப் பேச விரும்பவில்லை. நிரந்தர விஞ்ஞானி இடங்கள் குறைவு, போட்டி அதிகம், பிஎச்.டி.க்குப் பிறகு இரண்டு மூன்று வருடமாவது போஸ்ட்டாக் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கரணையில் உள்ள கடல் தொழில்நுட்ப நிறுவனம், சென்னையின் கடலோர ஆய்வு மையம், இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை ஆகியவை வேதியியல் தெரிந்தவர்களை எடுக்கின்றன. கடைசியில் சொன்னதற்கு யுபிஎஸ்சி புவி விஞ்ஞானி தேர்வில் வேதியியலாளர் பிரிவே தனியாக இருக்கிறது, எம்.எஸ்ஸி.யோடேயே எழுதலாம். மத்திய இந்தியப் பெருங்கடலில் நமக்கு ஒதுக்கப்பட்ட 75,000 சதுர கிலோமீட்டரில் மாங்கனீசு முடிச்சுகள் (கடலடியில் கிடக்கும் உலோகம் செறிந்த உருண்டைகள்) கிடக்கின்றன, 2021இல் ஆழ்கடல் திட்டத்துக்கும் ஒப்புதல் கிடைத்தது. ஆகவே ஆள் தேவை கூடத்தான் செய்யும். எவ்வளவு கூடும் என்று யார் உறுதியாகச் சொன்னாலும் நம்பாதீர்கள். அந்த முடிச்சுகளே இருட்டில் ஆக்சிஜன் உண்டாக்குகின்றன என்று 2024இல் பசிபிக்கில் இருந்து ஓர் ஆய்வு வந்தது, உடனே கடுமையான மறுப்புகளும் வந்தன. அளவீட்டு அறைக்குள் சிக்கிய காற்றா, உண்மையான வினையா என்பதே சண்டை. கட்டுரையையும் மறுப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். வெற்றுச் சோதனை ஏன் இவ்வளவு முக்கியம் என்று நான் சொல்வதைவிட நன்றாகப் புரியும்.

இந்த செமஸ்டருக்குள் ஒன்று செய்யலாம். உங்கள் ஊருக்குப் பக்கத்துக் கழிமுகத்தில் ஓத ஏற்றத்தில் ஒருமுறையும் வற்றத்தில் ஒருமுறையுமாக நீர் எடுத்து, உப்புத்தன்மையும் வின்க்லர் ஆக்சிஜனும் பாருங்கள். கல்லூரி ஆய்வகமே போதும். சிலிக்கேட்டும் அளக்க முடிந்தால் உப்புத்தன்மைக்கு எதிராக வரையுங்கள். புள்ளிகள் நேர்கோட்டில் விழுந்தால் வெறும் கலப்பு, விலகினால் வழியில் ஏதோ நடக்கிறது. அந்த வரைபடத்தையும், அதில் உங்களுக்கு விளங்காத ஒரு விஷயத்தையும் மின்னஞ்சலில் இணைத்து வழிகாட்டிக்கு எழுதுங்கள். சுயவிவரத்தோடு மட்டும் வரும் அஞ்சல்கள் எங்களுக்கு நிறைய வருகின்றன. வரைபடத்தோடு வருவது அரிது, அதற்கு நிச்சயம் பதில் எழுதுவோம்.